பியானோ இல்லாத வீட்டில் பியானோ சத்தம்: ஒரு கணக்கும் கொஞ்சம் வரலாறும்

போன வருஷம் ஜூன் மாதம் என் தங்கை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அண்ணா, நான் பியானோ கிரேடு பரீட்சை எழுதப் போறேன். வீட்ல என்ன வெச்சு பிராக்டிஸ் பண்றேன்னு மிஸ் கேக்குறாங்க."

வீட்டில் இருந்தது மாமா எப்போதோ பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த குட்டிக் கீபோர்டு. கட்டைகள் எல்லாம் குழந்தை விரலுக்குச் செய்தவை. அதில் 'பியானோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எவர்சில்வர் தட்டில் ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. நான் பி.காம் மூன்றாம் வருஷம். இதில் பியானோவுக்கு எங்கே போவது?

புதிதாக ஒரு நிமிர்ந்த பியானோ (சுவரோடு ஒட்டி நிற்குமே, அந்த வகை) வாங்க லட்சங்கள் வேண்டும். எண்பத்தெட்டுக் கட்டை உள்ள டிஜிட்டல் பியானோவே நாற்பதாயிரத்துக்கு மேல். அப்பா கொடுத்த பட்ஜெட் பத்தாயிரம். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற பையன் வீட்டில் இருக்கிறானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. கீபோர்டை அதில் சொருகி, நல்ல பியானோ சத்தம் தரும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். எந்த சாஃப்ட்வேர் என்று தேடப் போனவன், தேடித் தேடி இந்த விஷயத்தின் பழைய கதைக்குள் போய்விட்டேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டுப் பிரச்சினை புதிதே இல்லை என்று தெரிந்தது. நம் ஊரில் முன்னூறு கிலோ மரச் சாமானின் சத்தத்தை மலிவாகப் பெற ஆள் ஆளுக்கு ஒரு வழி தேடியிருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சாமானைப் பற்றிக் கொஞ்சம். பியானோவைச் செய்தவர் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் மெடிசி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. 1700-ஆம் வருஷத்து மெடிசி சாமான் பட்டியலிலேயே இந்தக் கருவி இருக்கிறது. (ஆக, பியானோவுக்குப் பிறப்புச் சான்றிதழே ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர்தான்! வணிகவியல் மாணவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்.) அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒரே அளவு சத்தம்தான், ஏனென்றால் உள்ளே ஒரு சின்ன முள் தந்தியை மீட்டும். கிறிஸ்டோஃபோரி முள்ளுக்குப் பதில் சுத்தியல் வைத்தார். மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. 'மெதுவும் உரக்கவும்' என்ற அர்த்தத்தில்தான் இத்தாலிய மொழியில் அதற்கு 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்று பெயர் வந்தது. அவர் செய்தவற்றில் மூன்று இன்னும் இருக்கின்றன. 1720-இல் செய்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது.

இப்போதைய பியானோவில் 88 கட்டை, இருநூறுக்கு மேல் தந்தி. பெரும்பாலான ஸ்வரத்துக்கு மூன்று மூன்று தந்திகள். எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு பதினைந்து இருபது டன் வரும். அதைத் தாங்க இரும்புச் சட்டம். சத்தத்தைப் பெருக்க மெல்லிய மரப் பலகை. இந்தப் பலகைதான் நம் ஊர் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் எதிரி. ஐப்பசி மழையில் மரம் உப்பும், சித்திரையில் சுருங்கும். தந்தி துருப்பிடிக்கும், ஃபெல்ட் துணியைப் பூச்சி தின்னும். இங்கிலாந்துக் கம்பெனிகள் காலனி நாடுகளுக்கென்றே 'டிராபிகல்' பியானோ என்று தனியாகச் செய்து அனுப்பின. வெறும் பசையை நம்பாமல் திருகாணியும் பித்தளைப் பட்டையும் போட்டு முடுக்கியவை. அப்படியும் அடிக்கடி டியூன் பண்ண ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்காகத்தான் சென்னையில் ஒரு கடையே வந்தது. மவுண்ட் ரோட்டில் இருக்கும் மியூசி மியூசிக்கல் 1842-இல் மிஸ்குவித் அண்ட் கம்பெனி என்ற பெயரில் தொடங்கியது. ஆர்கனும் பியானோவும் பழுது பார்ப்பது, விற்பது, டியூன் செய்வது இவைதான் தொழில். பதினெட்டாம் நூற்றாண்டுச் சமாச்சாரமான பியானோவுக்கு, சென்னையில் பயணிகள் ரயில் வருவதற்கு முன்பே கடை வந்துவிட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல்தான் திறந்தார்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் 1877-இல் தொடங்கிய இசைப் பரீட்சைகளைச் சென்னையில் பல தலைமுறைப் பிள்ளைகள் எழுதியது இந்தக் கடை வழியாகத்தான். 1893-இல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சர்ச்சுகள், பள்ளிக்கூடங்கள் என்று பியானோ இருந்த இடங்கள் ஒரு சின்ன வட்டம். அதற்கு வெளியே இருந்தவர்களுக்குப் பியானோ என்றால் சினிமாவில் பணக்கார வீட்டு ஹாலில், வளைந்த மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சாமான்.

வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்த மலிவுக் கருவி ஆர்மோனியம். தூக்கிக்கொண்டு போகலாம், டியூன் பண்ண வேண்டாம், கட்டை வரிசையும் அதேதான். நாடகக் கொட்டகை, பஜனை மடம், கச்சேரி எல்லாவற்றிலும் நுழைந்தது. ஆனால் அதற்கும் ஒரு சோதனை வந்தது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கட்டைக்குக் கட்டை ஸ்வரம் நின்றுவிடும், கமகம் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. தடை தளர 1971 ஆனது. அந்தக் குற்றச்சாட்டு பியானோவுக்கும் பொருந்தும். ஆனாலும் அனில் ஸ்ரீனிவாசன் பியானோ வாசிக்க சிக்கில் குருசரண் பாடும் கச்சேரிகளைக் கேட்டால், அசையாத ஸ்வரத்தையும் வைத்து என்ன செய்ய முடியும் என்று தெரியும். அது வேறு கட்டுரைக்கான விஷயம், விட்டுவிடுகிறேன்.

பியானோ வாங்க முடியாதவன் பியானோ கற்றுக்கொள்வது எப்படி? சென்னையில் இதற்கு ஒரு பதில் மயிலாப்பூரில் இருந்தது. தன்ராஜ் மாஸ்டர். சாய் லாட்ஜில் ஓர் அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தவர். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா அவரிடம் படித்தார். பிற்பாடு ஏ.ஆர்.ரஹ்மானும் படித்தார். இரண்டு பேருக்கும் வீட்டில் கிராண்ட் பியானோ இருந்ததால் இசை வரவில்லை என்று எங்கள் அம்மாவிடம் நான் அடிக்கடி சொல்வேன். அம்மா, "அவங்க ரஹ்மான், நீ யாரு" என்பார். நியாயம்தான்.

ரஹ்மான் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதன் பொருளாதாரம். அவர் அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பலருக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்துக் கொடுத்தவர். வெளிநாட்டுக் கீபோர்டுகள் வைத்திருந்தார். 1976-இல் அவர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. 1991-க்கு முன் இறக்குமதி வரி எப்படி இருந்தது என்று எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கீபோர்டு ஒன்று கோடம்பாக்கத்தில் கிட்டத்தட்ட வாடகை வீடு மாதிரி ஒரு சொத்து. வாங்க முடியாதவர்கள் நாள் வாடகைக்கு எடுத்தார்கள். புத்தகத்தில் 'மூலதனச் சொத்திலிருந்து வருவாய்' என்று படிக்கும்போது எனக்கு இனிமேல் லாரியும் மெஷினும் ஞாபகம் வராது, அந்தக் கீபோர்டுகள்தான் வரும்.

சரி, கீபோர்டுக்குள் பியானோ எப்படி வந்தது? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

மின்சாரக் கருவிகளில் ஆர்கன் சத்தம் கொண்டுவருவது சுலபம். ஆர்கன் சத்தம் ஒரே சீராக நீளும். பியானோ அப்படி இல்லை. தட்டிய கணத்தில் ஒரு 'டொக்', உடனே பல சத்தங்கள் சேர்ந்து ஒலித்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அடங்கும். மெதுவாகத் தட்டியதை வால்யூம் ஏற்றிக் கேட்டால் ஓங்கித் தட்டியது மாதிரி இருக்காது, நிறமே வேறு. பெடலை மிதித்தால் தட்டாத தந்திகளும் சேர்ந்து முனகும். இத்தனையையும் ஒரு சிப்புக்குள் அடைக்க வேண்டும்.

1983-இல் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று 'மிடி'. வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி தொடங்கிய இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று செய்தது. முப்பது வருஷம் கழித்து 2013-இல் இருவருக்கும் இதற்காக கிராமி கொடுத்தார்கள். மிடி கம்பியில் சத்தம் போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விட்டது என்ற தகவல் மட்டும் போகும். வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். சத்தம் தருவது மறுமுனையில் இருப்பவன் வேலை. (எங்கள் தங்கை கீபோர்டை லேப்டாப்பில் சொருகியதும் இதே மொழிதான். நாற்பது வருஷமாக மாறாத கம்ப்யூட்டர் சமாச்சாரம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன், சட்டென்று ஞாபகம் வரவில்லை.)

இன்னொன்று யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையை வாங்கிச் செய்தது. அதில் பியானோ என்ற பெயரில் வந்தது மணியும் கண்ணாடியும் கலந்த ஒரு சத்தம். நிஜப் பியானோ போல இல்லை. ஆனால் தனக்கென்று ஓர் அழகு. எண்பதுகளின் காதல் பாட்டுகளை உலகத்தில் எந்த ஊரில் கேட்டாலும் அந்த மணிச் சத்தம் காதில் படும்.

நிஜப் பியானோவைக் கேட்டது ஒரு பார்வையற்ற கலைஞர். ஸ்டீவி வொண்டர். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இயந்திரத்தை 1976-இல் செய்தவர் ரே குர்ஸ்வைல். அந்த இயந்திரத்தை வாங்கியதில் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். கம்ப்யூட்டரின் வசதியும் நிஜக் கருவியின் சத்தமும் ஒன்றாக வர முடியாதா என்று 1982-இல் வொண்டர் கேட்டதன் பலன், 1984-இல் வந்த குர்ஸ்வைல் 250. நிஜப் பியானோவை ஒலிப்பதிவு செய்து சிப்பில் வைத்து, கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவை ஒலிக்க விடுவது. இதற்கு 'சாம்பிள்' என்று பெயர். விலை? அமெரிக்காவிலேயே கார் விலை.

நம் ஊரில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சர் பயன்படுத்தினார். கொஞ்ச வருஷத்தில் ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோ கட்டினார். கருவி வாங்கக் காசு இல்லாதபோது அவர் அம்மா நகையைக் கொடுத்து உதவினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் 'ரோஜா'. ஐம்பது பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து செய்யலாம் என்று நம் ஊர்க்காரர்கள் அப்போதுதான் நம்பினார்கள். அதனால் வேலை இழந்த வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் கோடம்பாக்கத்தில் உண்டு. மலிவு என்று எழுதும்போது அது யாருக்கு மலிவு என்பதையும் எழுத வேண்டும் இல்லையா.

1991-இல் 'ஜெனரல் மிடி' என்று ஒரு பட்டியல் வந்தது. 128 கருவிகளுக்கு வரிசை எண். முதல் எண் பியானோவுக்கு. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் பியானோ என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றானது. விண்டோஸுக்குள் இருந்தது ரோலண்ட் கம்பெனியிடமிருந்து வாங்கிய சத்தங்கள். 128 கருவிக்கும், மேலே டிரம்ஸுக்கும் சேர்த்து மொத்தக் கோப்பு மூன்று எம்பி சொச்சம். ஒரு போட்டோ அளவு! எனக்கு முந்தைய செட் அண்ணன்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேட்ட 'மிடி பாட்டு' எல்லாம் இந்த மூன்று எம்பிதான். இன்றைக்கும் அது விண்டோஸில் இருக்கிறது. தங்கைக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டினேன். "இதுக்கு நம்ம பழைய ஸ்பூனே தேவலாம்" என்றாள்.

ஏன் அப்படி மோசம் என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிடி தரத்தில் ஒரு நொடி ஸ்டீரியோ சத்தத்துக்கு 1,76,400 பைட். பழைய பிளாப்பி ஒன்றில் எட்டு நொடிக்கு மேல் அடங்காது. பியானோவின் 88 கட்டையையும், மெதுவிலிருந்து உரக்க வரை 16 படியாக, ஒவ்வொன்றும் 20 நொடி அடங்கும் வரை பதிவு செய்தால்? 88 × 16 × 20 = 28,160 நொடி. கிட்டத்தட்ட ஐந்து ஜிபி. பிளாப்பியில் சுமார் 3,400. ஆகவே பழைய கருவிகள் எல்லாமே கஞ்சத்தனம் செய்தன. நாலைந்து கட்டைக்கு ஒரு பதிவை மட்டும் வைத்து, மற்றவற்றை இழுத்தும் சுருக்கியும் சமாளிப்பார்கள். இரண்டு நொடிக்குப் பிறகு ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். நம் காது அந்தச் சுற்றலை உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு முடிவு கட்டியது 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற சாஃப்ட்வேர். நெமிசிஸ் என்ற கம்பெனி செய்தது. அப்போது கம்ப்யூட்டர் மெமரி சொற்பம், ஹார்ட் டிஸ்க் மட்டும் கொஞ்சம் பெரியது. அவர்கள் செய்த தந்திரம் நம் கல்யாணப் பந்தி மாதிரி. எல்லோருக்கும் இலையில் முதலில் ஒரு கரண்டி வைத்துவிடுவது. அவர்கள் அதைப் பிசைந்து சாப்பிட ஆரம்பிக்கும் நேரத்தில் சமையல்கட்டிலிருந்து வாளி வந்துவிடும். அதேபோல ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு, கட்டை அழுத்தியதும் மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து ஓடி எடுத்து வருவது. இதனால் ஒரு ஜிபி பியானோ சாதாரண கம்ப்யூட்டரில் சாத்தியமானது. 2004-இல் வந்த சிந்தோஜி கம்பெனியின் 'ஐவரி', பூசன்டோர்ஃபர், ஸ்டைன்வே, யமஹா என்று மூன்று கச்சேரிப் பியானோக்களை டிவிடி அடுக்காகக் கொடுத்தது. லட்சக்கணக்கில் விற்கிற கருவியின் சத்தம் சில ஆயிரத்தில் வந்தாயிற்று.

ஆனால் அந்தச் சில ஆயிரமும் டாலரில். நம் பையன்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்ததுதானே. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கேட்டால் எழுதிய சிடி கிடைக்கும் காலம் அது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் ஒரு நண்பன் பென்டிரைவ் நீட்டினான். வாங்கிப் போட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப்பில் வைரஸ் வந்து, என் செமஸ்டர் பிராஜெக்ட் ஃபைல் போனது. அப்புறம்தான் நேர்வழி தேடினேன். கொள்கையால் இல்லை, அடி வாங்கியதால்.

நேர்வழியில் இரண்டு பேர் எனக்குக் கண்ணில் பட்டார்கள்.

ஒருவர் பிரான்சில் துலூஸ் நகரத்துக் கணித ஆசிரியர் பிலிப் கிய்யோம். அதற்கு முன் பியானோ டியூனராக வேலை பார்த்தவர். அவருடைய மோடார்ட் கம்பெனி 2006-இல் 'பியானோடெக்' என்று ஒன்றை வெளியிட்டது. இதில் ஒலிப்பதிவே கிடையாது. சுத்தியல், தந்தி, பலகை இவை எப்படி அதிரும் என்பதைக் கணக்காக எழுதி, கட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சத்தத்தைப் புதிதாகக் கணக்கிட்டுத் தருவது. ஆகவே ஜிபிக்கணக்கில் இடம் வேண்டாம், சில பத்து எம்பி போதும். பெடல் மிதித்தால் மற்ற தந்திகள் முனகுவதும் கணக்கிலேயே வந்துவிடும். டியூனர் காதும் கணித மூளையும் ஒரே ஆளுக்கு வாய்த்தால் இப்படித்தான் போலிருக்கிறது. சோதனைப் பதிப்பு இலவசம். அதில் சில கட்டைகள் ஒலிக்காது, இருபது நிமிஷத்தில் நின்றுவிடும். தங்கை அதில் வாசித்ததைக் கேட்க, முன்பல் விழுந்த குழந்தை பாட்டுப் பாடியது போல இருந்தது. இருக்கிறதில் குறைந்த விலைப் பதிப்பே நூறு யூரோவுக்கு மேல். ரூபாயில் எங்கள் பட்ஜெட் முழுசும் காலி. விட்டோம், ஆசையோடு.

இன்னொருவர் அலெக்ஸாண்டர் ஹோம். ஒரு யமஹா சி5 கிராண்ட் பியானோவைத் தானே பதிவு செய்து, 'சாலமாண்டர் கிராண்ட் பியானோ' என்று பெயர் வைத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக விட்டுவிட்டார். மூன்று கட்டைக்கு ஒரு கட்டை வீதம் 30 கட்டைகள், ஒவ்வொன்றும் 16 படிகள். ஆக 480 பதிவுகள். மேற்கொண்டு, கட்டையை விடும்போது வரும் சின்னத் 'தப்', பெடல் சத்தம் எல்லாம். ஒரு மனுஷன் உட்கார்ந்து ஒரே கட்டையைப் பதினாறு விதமான வேகத்தில் தட்டி, ஒவ்வொன்றும் முழுசாக அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, அடுத்த கட்டைக்குப் போயிருக்கிறார். காசு வாங்காமல். இதை எங்கள் எகனாமிக்ஸ் பாடத்தில் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதை ஒலிக்க வைக்க 'ஸ்ஃபோர்ஸாண்டோ' என்று ஒரு சாஃப்ட்வேர், அதுவும் இலவசம். போட்டாயிற்று. கட்டையைத் தட்டினால்... சத்தம் தாமதமாக வருகிறது! தங்கை கை ஒரு இடத்தில், பாட்டு ஒரு இடத்தில். விண்டோஸ் சத்தத்தை மெதுவாகத்தான் வெளியே விடும் என்று பிறகு தெரிந்தது. ஒரு மில்லி நொடியில் ஒலி காற்றில் 34 செமீ போகும். நூறு மில்லி நொடி தாமதம் என்றால் பியானோ 34 மீட்டர் தள்ளி, அடுத்த தெருமுனையில் இருக்கிற மாதிரி. இதைச் சரிசெய்ய ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இலேயே 'ஆசியோ' என்ற வழியைக் கொண்டு வந்தது. அதற்கான கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்புக்கு 'ஆசியோ ஃபார் ஆல்' என்ற இலவச டிரைவர் உண்டு. அதில் பஃபர் 256 என்று வைத்தால் கணக்குப்படி ஆறு மில்லி நொடிக்கும் கீழே. பியானோ மறுபடி வீட்டுக்குள் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தவறு செய்திருந்தோம். அதுதான் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும் விஷயம், இதைக் கடைசியில் சொல்கிறேன் பாருங்கள். மாமா கீபோர்டு சிறிசு என்று, செகண்ட் ஹேண்டில் 61 கட்டைக் கீபோர்டு ஒன்றை முதலிலேயே வாங்கியிருந்தோம். 'டச் எல்லாம் இருக்கு தம்பி' என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் வந்து சாலமாண்டரில் போட்டால், மெதுவாகத் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம். லேப்டாப்பில் வரும் எண்ணைப் பார்த்தேன். எப்போதும் ஒரே எண். கட்டைக்கு அழுத்தம் தெரியவே தெரியாது. பதினாறு படி பதிவு செய்த அந்த மனுஷனின் உழைப்பில் பதினைந்து படி எங்கள் வீட்டில் வீண். 1700-இல் கிறிஸ்டோஃபோரி எதை ஒழிக்கப் பியானோ செய்தாரோ, அதே ஹார்ப்சிகார்டுக்கு நாங்கள் திரும்பிப் போயிருந்தோம்.

கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். ஆயிரத்து இருநூறு ரூபாய் நஷ்டத்தில் வேறு ஒருவரிடம் தள்ளிவிட்டு, 'டச் ரெஸ்பான்ஸ்' இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே லேப்டாப்போடு போய்ச் சோதித்து இன்னொன்று வாங்கினேன். தாம்பரத்திலிருந்து படப்பைக்குக் கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் கீபோர்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். கொடுத்தேன். ஆகவே முதலில் கட்டையைப் பாருங்கள், பிறகு பெடல், அப்புறம் நல்ல ஹெட்போன். சாஃப்ட்வேர் கடைசி. அது இலவசமாகவே போதுமான அளவுக்குக் கிடைக்கிறது.

செலவுக் கணக்கு: கீபோர்டு 7,000. பெடல் 650. மிடி கம்பி 450. ஹெட்போன் 1,100. முதல் கீபோர்டு நஷ்டம் 1,200. சாஃப்ட்வேர் 0. மொத்தம் 10,400. நானூறு ரூபாய் பட்ஜெட்டைத் தாண்டியதற்கு அப்பாவிடம் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தேன் :-)

சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் வென்றதைத் தங்கை இருபது தடவையாவது பார்த்திருப்பாள். அவர் படித்தது ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில். அந்த வேகத்தை எங்கள் 61 கட்டையில் முயற்சி செய்து, மேஜையே ஆடி, அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

பரீட்சை டிசம்பரில் நடந்தது. நகரத்துக்குள் ஒரு ஹாலில், நிஜப் பியானோவில். நானும் கூடப் போனேன், கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் முதலில் சொன்னது, "கட்டை கனம்ணா. விரல் வலிக்குது." இரண்டாவது, இடது கைப் பக்கம் தட்டியபோது பெடலில் வைத்த கால் வழியாக அதிர்வு ஏறியதாம். பயந்து ஒரு இடத்தில் தப்பு விட்டாளாம். ஹெட்போனில் காலுக்கு எதுவும் வராதே.

பாஸ் ஆகிவிட்டாள். அடுத்த கிரேடுக்குக் கனமான கட்டை உள்ள 88 வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் இருபத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கிறேன். அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக் காசையும் சேர்த்து இதுவரை பதினொன்றாயிரத்து ஐந்நூறு. அதுவரை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே 61 கட்டைதான். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும், அதற்குள் ஸ்கேல் எல்லாம் முடித்துவிடுவாள்.